கேள்விக்கு ஒரு பாடவேளை

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் நாமகிரிப்பேட்டை இருக்கிறது. மஞ்சள் மண்டிகளும் ஜவ்வரிசி ஆலைகளும் உள்ள பேரூராட்சி. ஒரு பக்கம் போதமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை. நாகசுரக் கலைஞர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் பழகிய ஊர். கல்வியில் திறந்த உரையாடலைப் பற்றி எழுதும்போது இந்த வட்டாரத்தை மையமாக வைத்துக்கொள்ள வலுவான காரணம் உண்டு. தமிழ்நாட்டின் மதிப்பெண் கல்வி தன் உச்சத்தைத் தொட்டது இந்த நாமக்கல் மாவட்டத்தில்தான். ஒரு தமிழாசிரியர் தம் மாணவர்களோடு சாதியைப் பற்றி மனம்விட்டுப் பேசியதும் இங்கேதான். அவரை எழுத்தையே கைவிடச் செய்ததும் இங்கேதான்.

ஊரில், நாட்டில் நடக்கும் பொது விஷயங்களை வகுப்பறையில் பயமில்லாமல் பேசவும், கேள்வி கேட்கவும், ஆசிரியரோடு மாறுபடவும் ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி. தமிழ்ச் சமூகத்தில் பேச்சுக்கு என்றைக்குமே குறைவில்லை. ஆனால் நம் நல்ல உரையாடல்கள் பெரும்பாலும் பள்ளிச் சுவருக்கு வெளியேதான் நடந்திருக்கின்றன. பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள், ஆசிரியர்களுக்குத் திறமை போதாது என்று காரணம் சொல்வது எளிது. என் பார்வையில் காரணங்கள் இரண்டு. உரையாடலுக்குக் கால அட்டவணையில் நேரம் கொடுக்கப்படவில்லை. உரையாடலைத் தொடங்கும் ஆசிரியருக்குப் பாதுகாப்பு கொடுக்கப்படவில்லை.

முதலில் நேரம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதியோடு கூடிய மேல்நிலைப் பள்ளிகள் பெருகின. தென்கோடி மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். விடியற்காலையில் எழுப்பி ஸ்டடி, பிறகு ஸ்லிப் டெஸ்ட், வகுப்பு, மாலையில் மறுபடி டெஸ்ட், இரவு மறுபடி ஸ்டடி. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று சொல்லும் புளூபிரிண்டை வைத்துப் பாடங்கள் பிரிக்கப்பட்டன. கேள்வி வராத பகுதி நடத்தப்படவில்லை. பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகளும் உருப்போட வைத்தார்கள். கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன மாவட்டம் என்பதால் இவற்றுக்கு 'பிராய்லர் பள்ளிகள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரைச் சொல்லிப் பெற்றோரைக் குறைகூறுவதில் எனக்கு உடன்பாடில்லை. குச்சிக்கிழங்கு பயிரிட்டு ஆலைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வரும் விவசாயி, தறி ஓட்டுகிறவர், லாரி ஓட்டுநர் எல்லாரும் கடன் வாங்கிப் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். மருத்துவமும் பொறியியலும் தங்கள் வீட்டுக்கும் கிட்டும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு முதல்முறையாக வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இந்த வழியில்தான் வந்தார்கள். அந்தக் கனவு நேர்மையானது. அதற்குக் கொடுத்த விலைதான் பெரிது. பதினாறு, பதினேழு வயதில், அறிவும் கோபமும் நியாய உணர்வும் ஒன்றாகப் பொங்கும் வயதில், இரண்டு ஆண்டுகள் முழுக்க ஒரு பிள்ளை 'ஏன்' என்று கேட்காமலே இருந்துவிட முடிந்தது. செய்தித்தாள் கிடையாது, பள்ளிக்கு வெளியே யாரோடும் பேச்சு கிடையாது. பன்னிரண்டு முடித்த கையோடு 18 வயதில் வாக்குரிமையும் வந்துவிடும். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1989-ல் நடைமுறைக்கு வந்தது. வாக்குக்கு வயது வந்த பிள்ளையிடம் அதுவரை யாருமே ஒரு பொதுக் காரியத்தைப் பற்றி அவன் கருத்தைக் கேட்டதில்லை என்றால், அது கல்வியின் பெரிய தோல்வி.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் பட்டியல் வெளியிடுவது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதிப்பதைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வு. நோக்கம் சரி. நடந்தது வேறு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு என்றானபோது, கொஞ்சம் மூச்சுவிட இருந்த ஆண்டும் தேர்வுக்குப் போனது. பதினொன்றின் மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று 2018-ல் மாற்றினார்கள். இதற்கிடையே நீட் வந்துவிட்டது. புளூபிரிண்ட் போய், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் வந்தன. உருப்போடும் பொருள்தான் மாறியது, உருப்போடுவது மாறவில்லை.

இத்தனைக்கும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை இலவசக் கல்விக்கான சட்டமாகவும் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கான சட்டமாகவும்தான் பலர் அறிவார்கள். அதன் 29-ஆவது பிரிவு, பாடத்திட்டமும் மதிப்பீடும் எப்படி இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. குழந்தையைப் பயம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுவித்து, தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்பது அந்த வரிசையில் ஒன்று. குழந்தை உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "ஏனுங்க சார், அப்படி?" என்று கேட்பது ஆசிரியர் காட்டும் பெருந்தன்மையால் கிடைக்கும் சலுகை ஆகாது. அது அந்தப் பிள்ளையின் சட்ட உரிமை.

பள்ளிக்கு வெளியே இந்த மண்ணில் உரையாடல் எப்படி இருந்தது என்று பார்த்தால் வியப்பு வரும். மணிமேகலைக் காப்பியம் புகார் நகரின் இந்திர விழாவைச் சொல்லும்போதே வாதிடுவோர் ஏறும் பட்டிமண்டபத்தைப் பற்றிப் பேசுகிறது. வஞ்சி நகரில் மணிமேகலை மாறுவேடம் பூண்டு ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஒரு பெண் வாதம் கேட்க ஆண் வேடம் போட வேண்டியிருந்தது என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் சேலம் வட்டாரம் அரசியல் பேச்சின் மையங்களில் ஒன்றாக இருந்தது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டு விவாதித்தார்கள். நான் சொல்வதற்காக நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள் என்று பெரியார் மேடைக்கு மேடை சொன்னார். எதிர்க்கேள்விக்கும் இடம் கொடுத்தார். எழுத்தறியாத ஒரு கூலிக்காரர் அந்தக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டார். அவருடைய பிள்ளை அதே ஊர்ப் பள்ளியில் கைகட்டி வாய்பொத்தி நின்றான். இந்த முரண்பாடு இன்றுவரை தீரவில்லை.

பள்ளிக்குள் நாம் கொண்டுவந்தது பேச்சுப் போட்டியை. அதில் பெரியவர்கள் எழுதிக் கொடுப்பதைப் பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. குரலும் கையசைவும் நன்றாக இருந்தால் பரிசு. பட்டிமன்றமும் இப்படித்தான் ஆயிற்று. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் இலக்கிய வாதமாக வளர்த்த வடிவம் அது. தொலைக்காட்சி வந்தபின் பண்டிகை நாள் நகைச்சுவையாகிவிட்டது. மாறுபட்ட கருத்தைச் சிரித்துக்கொண்டே கேட்கப் பழக்கியது என்ற அளவில் அதை நான் மதிக்கிறேன். ஆனால் உரையாடலுக்குப் பட்டிமன்றம் மாற்றாகாது. ஒட்டியா வெட்டியா என்பது முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. எதிரணி சொன்னதைக் கேட்டு மனம் மாறினேன் என்று சொல்ல அங்கே யாருக்கும் வழியில்லை. கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்கிறார், கூட்டம் கலைகிறது. ஒரு பிள்ளை தன் கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வியாகத் தெரியாத வடிவம் வகுப்பறைக்கு வேண்டும்.

உரையாடாமல் கொண்டுவரப்படும் கல்வித் திட்டம் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மண்ணிலேயே பாடம் இருக்கிறது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, நகராட்சித் தலைவராகப் பணியாற்றி, திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் அமைத்தவர் ராஜாஜி. முதலமைச்சராக 1953-ல் அவர் தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறையும், மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அது. சட்டமன்றத்திலோ மக்களிடமோ முன்கூட்டிப் பேசவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். கிராமப் பள்ளிகளில் இடப்பற்றாக்குறையைச் சமாளிக்கத்தான் அதைக் கொண்டுவந்தேன் என்று ராஜாஜி வாதிட்டார். ஆனால் யாருடைய பிள்ளைக்காகத் திட்டம் தீட்டப்பட்டதோ அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான அனுபவம் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். கல்குவாரித் தொழிலாளர்களான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். எழுத்துக் கற்பிக்கப் போன தொண்டர்கள் கற்போரின் வாழ்க்கையைப் பேச்சாக்கி அதிலிருந்து பாடத்தை எடுத்தார்கள். கூலி, தண்ணீர், குடி, கடன் என்று எல்லாம் பாடமாயின. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே சொன்ன முறை அது. கற்பிப்பவரும் கற்பவரும் உலகைப் பற்றிச் சேர்ந்து பேசும்போதுதான் கல்வி நடக்கிறது என்றார் அவர். அந்த இயக்கத்தில் தோய்ந்த பேராசிரியர் ச. மாடசாமி, பின்னர் 'எனக்குரிய இடம் எங்கே?' என்ற நூலில் வகுப்பறை உரையாடலைப் பற்றி எழுதினார். கடைசி பெஞ்சில் இருப்பவர்களை எப்படிப் பேச வைப்பது என்று அக்கறைப்படும் எந்த ஆசிரியரும் படிக்க வேண்டிய நூல். கேள்வி கேட்கும் ஒரு சிறுமியைப் பள்ளி எப்படி நசுக்குகிறது என்று சொன்ன இரா. நடராசனின் 'ஆயிஷா' குறுநாவல் தமிழ் ஆசிரியர்களிடையே கைக்குக் கை மாறிப் படிக்கப்பட்டது. அதன் பெயரே தன் பெயரோடு சேர்ந்து அவர் ஆயிஷா நடராசன் ஆனார்.

பள்ளிக்குள்ளும் முயற்சி நடந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி முறையைப் பார்த்து, எம்.பி. விஜயகுமார் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். நடுநிலை வகுப்புகளில் பாடத்தைப் படித்துக் குழுவில் பேசி மன வரைபடம் வரையும் படைப்பாற்றல் கல்வி வந்தது. இவற்றின் குறைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு நியாயமான புகார்கள் உண்டு. அட்டைகளை அடுக்குவதே வேலையாகிவிட்டது என்றார்கள். ஆனாலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் ஆசிரியரைப் பார்த்துப் பயமில்லாமல் பேசப் பழகினார்கள். அந்தப் பிள்ளைகள் மேல்நிலைக்கு வந்ததும் மறுபடி வாயை மூட வைத்தோம்.

இனி நாமக்கல்லுக்கே வருவோம். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன் தம் வீட்டில் 'கூடு ஆய்வுச் சந்திப்பு' என்ற பெயரில் மாணவர்களை வரவழைத்துப் பேச வைத்தார். படித்த நூலைப் பற்றியும் ஆய்வைப் பற்றியும் பேச்சு நடக்கும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அங்கே கட்டுரை வாசித்தார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அவர் பதிப்பித்த 'சாதியும் நானும்' என்ற தொகுப்பு 2013-ல் வந்தது. அவருடைய மாணவர்களும் நண்பர்களும் தங்கள் வாழ்வில் சாதியை எதிர்கொண்ட விதத்தை அதில் எழுதினார்கள். சாதியால் அவமானப்பட்டவர்கள் மட்டும் எழுதவில்லை, சாதியால் பெருமை பாராட்டும் குடும்பங்களில் பிறந்தவர்களும் எழுதினார்கள். நான் என்ன செய்தேன், என் வீட்டில் என்ன பார்த்தேன் என்று இருதரப்பும் ஒரே நூலில் எழுதுவது கொங்கு மண்ணில் சாதாரணக் காரியமல்ல. கல்வியில் திறந்த உரையாடலுக்குத் தமிழில் ஓர் ஆவணத்தைக் காட்டச் சொன்னால் நான் இந்த நூலைத்தான் காட்டுவேன்.

அடுத்த ஆண்டே காற்று மாறியது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு அவர் 2010-ல் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தியது. அதில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கவும் நூலைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்ததை நாடே படித்தது. நாவலின் பகுதிகள் சிலர் மனத்தை உண்மையாகவே புண்படுத்தியிருக்கலாம். அதைச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. எழுதியவரோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம், மறுப்பு நூல் எழுதியிருக்கலாம். நடந்ததோ ஒரு தரப்பு மிரட்ட, இன்னொரு தரப்பு கையெழுத்துப் போட்ட காரியம். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது, அவர் எழுதலாம் என்றது. அவர் திரும்ப எழுத வந்தார். பின்னாளில் ஆத்தூர் அரசு கலைக் கல்லூரியில் முதல்வராகவும் இருந்தார்.

இந்த வழக்கை எழுத்துச் சுதந்திர வழக்காகவே எல்லாரும் பார்த்தோம். அவர் ஓர் ஆசிரியர் என்பதை மறந்தோம். தங்களைப் பேச வைத்த ஆசிரியர் ஊரை விட்டே போக நேர்ந்ததை அவருடைய மாணவர்கள் பார்த்தார்கள். மாவட்டத்தின் மற்ற ஆசிரியர்களும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எந்த வகுப்பில் யார் சாதியைப் பற்றிப் பேச்செடுப்பார்? அதே 2015 ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பொறியியல் பட்டதாரி இளைஞர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த நாட்களில் அந்த வட்டாரத்து மாணவர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இதைப் பற்றிப் பேசாமல் இருந்திருப்பார்களா? அவர்கள் பேசினார்கள். நிதானமாக வழிகாட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பேசினார்கள். வகுப்பறை ஒதுக்கிவைக்கும் பொருளைச் சாதிச் சங்கங்கள் எடுத்துக்கொள்கின்றன.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு பட்டியல் சாதி மாணவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் உடன்படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை சமத்துவத்தையும் அறத்தையும் பற்றிய வகுப்பு வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. செய்திகள் எல்லாம் கயிற்றையே பிடித்துக்கொண்டன. சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் அந்த அறிக்கையின் நகல் கிழிக்கவும்பட்டது. கயிற்றை அவிழ்ப்பது ஒரு நாள் உத்தரவில் முடியும். அறத்துக்கான அந்த வகுப்பில் ஆசிரியர் என்ன பேசுவார், பேசினால் அவர் பின்னால் யார் நிற்பார்கள் என்பதுதான் கடினமான கேள்வி.

ஆசிரியரின் நிலையை வெளிப்படையாகப் பார்ப்போம். அரசுப் பள்ளி ஆசிரியர் 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிக்க முடியாது. கல்வித்துறையைச் சமூக வலைதளத்தில் விமர்சித்த ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை 2024-ல் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசு ஊழியரின் பணிப் பாதுகாப்புகூடக் கிடையாது. ஒரு பெற்றோர் போன் செய்து முறையிட்டால் அவர் வேலை போகும். தனக்கே வாய் திறக்க உரிமை இல்லாதவர் பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பார்?

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் நடந்ததை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் மாணவிகளிடம் முற்பிறவிப் பாவத்தால்தான் உடல் குறைபாடு வருகிறது என்ற வகையில் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான தமிழாசிரியர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். மாணவிகள் கண்முன் ஓர் ஆசிரியர் தனியாக எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்டது, எந்தப் பாடப்புத்தகமும் தராத பாடம். அமைச்சர் அந்த ஆசிரியரைப் பாராட்டினார், அது நல்லது. பிறகு எல்லாம் காவல் துறை, கைது, தலைமையாசிரியர் இடமாற்றம் என்று போயிற்று. அந்தப் பேச்சைக் கேட்ட நூற்றுக்கணக்கான மாணவிகள் என்ன நினைத்தார்கள் என்று வகுப்பில் பேசியிருந்தால் அதுவே உண்மையான பலனாக இருந்திருக்கும்.

கருத்து நமக்குப் பிடிக்காதபோது நாமும் அதே வழியில்தான் போகிறோம். 2012-ல் என்.சி.இ.ஆர்.டி. அரசியல் அறிவியல் பாடநூலில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் கேலிச்சித்திரம் இருந்தது. அது போராடிய மாணவர்களை இழிவுபடுத்துகிறது என்று தமிழ்நாட்டுத் தலைவர்கள் நீக்கச் சொன்னார்கள். அந்தச் சித்திரம் போராட்டத்துக்கு நியாயம் செய்யவில்லை என்பதே என் எண்ணமும். ஆனால் ஒரு தமிழ் மாணவன் அந்தச் சித்திரத்தைப் பார்த்து, அது ஏன் தவறு என்று 1965-இன் வரலாற்றை எடுத்துவைத்து வாதிடுவதைவிடப் பெரிய மரியாதை அந்தத் தியாகிகளுக்கு இருக்க முடியுமா? நீக்கிவிட்டால் அந்த வாதமும் சேர்ந்தே போய்விடுகிறது.

ஆசிரியர் தன் அரசியலைப் பிள்ளைகள்மேல் திணித்துவிடுவாரே என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. அது நியாயமான அச்சம். நாஜிக் காலத்தில் பள்ளியே பிரச்சாரக் கூடமான கொடுமையைக் கண்ட ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1976-ல் பாய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் வலதுசாரி, இடதுசாரிக் கல்வியாளர்கள் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து மூன்று நெறிகள் பிறந்தன. ஆசிரியர் தன் கருத்தை மாணவரின்மேல் சுமத்தி அவர் சொந்தமாகச் சிந்திப்பதைத் தடுக்கக் கூடாது. சமூகத்திலும் அறிவுலகிலும் கருத்து வேறுபாடு உள்ள விஷயத்தை வகுப்பிலும் கருத்து வேறுபாடு உள்ளதாகவே நடத்த வேண்டும். மாணவர் தன் நிலைமையையும் நலனையும் தானே அலசி அதற்கேற்பச் செயல்படக் கற்க வேண்டும். இன்றும் ஜெர்மனியில் குடிமைக் கல்விக்கு இவைதான் அடிப்படை. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சேர்க்கை வேண்டும் என்பேன். தீண்டாமை சரியா தவறா என்பது இருபக்க வாதத்துக்கு உரிய விஷயம் ஆகாது. அரசமைப்பின் 17-ஆவது கூறு அதை முடித்துவிட்டது. அதை ஒழிக்க எந்த வழி நல்லது என்பதில் எத்தனை பக்கமும் பேசலாம். இப்படி எழுதப்பட்ட நெறி ஒன்று இருந்தால், புகார் வரும்போது ஆசிரியர் எடுத்துக்காட்ட ஓர் ஆதாரம் இருக்கும். இன்று அவரிடம் அப்படி எதுவும் இல்லை.

அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். 2022-ல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் புதுப்பிக்கப்பட்டன. பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைக்கப்பட்டது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் 'மகிழ் முற்றம்' வந்தது. எல்லாம் நல்ல தொடக்கங்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றித் தாய்மார்கள் எழுந்து கேட்பது பல ஊர்களில் இப்போது நடக்கிறது. வகுப்பில் என்ன நடக்கிறது, பிள்ளை அங்கே வாய் திறக்கிறதா என்ற பேச்சு இன்னும் வரவில்லை. பெட்டியில் சீட்டுப் போடும் பிள்ளை பெயரில்லாமல் போடுகிறது. பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றுக்கு அந்த மறைவு அவசியம். ஆனால் பெயரோடு, முகத்தோடு பேச ஓர் இடமும் வேண்டும்.

என்ன பேசுவது என்று கேட்கும் ஆசிரியருக்கு நாமகிரிப்பேட்டையில் பொருளுக்கா பஞ்சம்? நாமக்கல் முட்டை விலையை ஒவ்வொரு நாளும் யார் முடிவு செய்கிறார்கள்? கோழித் தீவன விலை ஏறும்போது பண்ணைக்காரர் நிலை என்ன, சத்துணவில் முட்டை சாப்பிடும் பிள்ளைக்கு என்ன ஆகும்? குச்சிக்கிழங்கு விலைக்காக விவசாயிகளும் ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் அதிகாரிகளும் உட்காரும் முத்தரப்புக் கூட்டத்தில் யார் என்ன சொல்கிறார்கள்? அந்த மூன்று தரப்பின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். மஞ்சள் ஏலத்தில் விரலிக்கும் உருண்டைக்கும் விலை ஏன் மாறுகிறது? போதமலை மக்களுக்குச் சாலை கிடைக்க ஏன் இத்தனை பத்தாண்டுகள் ஆயின, தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு இயந்திரத்தைத் தலைச்சுமையாக ஏன் கொண்டுபோக வேண்டியிருந்தது, காட்டைக் காப்பதும் சாலை போடுவதும் மோதும்போது எதற்கு எவ்வளவு இடம்? இவற்றுக்குப் பாடநூலின் பின்பக்கத்தில் விடை கிடையாது. பிள்ளை வீட்டில் கேட்டு, மண்டியில் கேட்டு, வகுப்பில் வந்து சொல்ல வேண்டும்.

நாமகிரிப்பேட்டை பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. ஆனால் நாமகிரிப்பேட்டை ஒன்றியத்தின் ஊராட்சிகள் எல்லாவற்றிலும் கிராம சபை கூடுகிறது. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பிய கையோடு, அதே நாளில் பக்கத்திலேயே கூடும் சபைக்கு மேல்நிலை மாணவர்களைப் பார்வையாளர்களாக ஏன் அழைத்துப் போகக் கூடாது? வரவுசெலவு வாசிக்கப்படுகிறதா, யார் கேள்வி கேட்கிறார்கள், யார் பேசாமல் நிற்கிறார்கள் என்று அவர்கள் எழுதி வரட்டும். கர்நாடகத்தில் ஊராட்சிகள் குழந்தைகளுக்கென்றே 'மக்கள கிராம சபை' நடத்துகின்றன. பிள்ளைகள் பள்ளி வழி, கழிப்பறை, மதுக்கடை பற்றி ஊராட்சித் தலைவரிடமே கேட்கிறார்கள். அரசாணை ஒன்று போதும், தமிழ்நாட்டிலும் செய்யலாம்.

2025 ஆகஸ்டில் தமிழ்நாடு தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை என்பது அதில் ஒரு முடிவு. பிள்ளைகளின் சுமை குறையும் என்பதால் இதை நான் வரவேற்கிறேன். கூடவே கவலையும் இருக்கிறது. காலியான அந்த ஆண்டைப் பழைய வழக்கப்படி பன்னிரண்டாம் வகுப்பும் நீட்டும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, நாமக்கல் வட்டாரத்தில் மற்ற எங்கேயும்விட அதிகம். பாடம் நடத்தப்படுகிறதா என்று மேற்பார்வையிட வேண்டியது துறையின் வேலை. அந்த ஆண்டிலிருந்து வாரத்துக்கு ஒரே ஒரு பாடவேளையை உரையாடலுக்கென்று ஒதுக்கி, மதிப்பெண் இல்லாமல், எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். அதை நடத்தும் ஆசிரியருக்கு எழுத்தில் நெறியும், புகார் வந்தால் தலைமையாசிரியரும் துறையும் முதலில் அவர் தரப்பைக் கேட்பார்கள் என்ற உத்தரவாதமும் தர வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை.

நாமகிரிப்பேட்டையிலும் மற்ற ஊர்களிலும் இருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: இந்த வாரம் எங்கள் பிள்ளை வகுப்பில் என்ன கேள்வி கேட்டது?